மணி அடிக்கும் வரைக்கும்

உயிர்த்த ஞாயிறு விடியற்பூசையில் ‘உன்னதங்களிலே’ பாடத் தொடங்கும்போது கோயில் மணி அடிப்பார்கள் அல்லவா? உங்கள் எல்லோருக்கும் அந்த நேரத்தில் மனம் நிறைந்துபோகும் என்று நினைக்கிறேன். எனக்கு இந்த வயதிலும் கை இரண்டும் தானாகக் காதைப் பொத்தப் போகும். என்னோடு ஒரே வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டு நின்று முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கியவர்கள் நீங்கள், அதனால் உங்களிடம் சொல்லலாம். வேறு யாரிடமும் சொன்னால், பேரப்பிள்ளை கண்டவளுக்கு மணிச் சத்தத்துக்குப் பயமா என்று சிரிப்பார்கள்.

போன ஞாயிறு எங்கள் இளம் சுவாமியார் தன்னடக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். நல்ல பிரசங்கம்தான். தன்னடக்கம் தூய ஆவியார் தரும் கனி, அது உள்ளவனின் வீட்டில் சமாதானம் குடியிருக்கும் என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஒரு மனிதன் தன்னை அடக்கத் தொடங்கினால் அந்த வீட்டிலுள்ள மற்றவர்கள் என்ன பாடு படுவார்கள் என்று, பிள்ளைகுட்டி இல்லாத அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். நாங்கள் புதுநன்மைக்குப் படித்த அந்த வருடம், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம் முழுவதும் நான் பயத்திலேயே சாப்பிட்டு, பயத்திலேயே படுத்து எழும்பினேன்.

எங்கள் ஊர் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே கற்பிட்டிக்குப் போகிற றோட்டு. அப்பா கரைவலையில் மண்டாடியாக இருந்தார். தோணி வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு வர, கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக வர வேண்டும், இல்லாவிட்டால் மீன் போய்விடும். நடுவில் நின்று அந்த ஆட்களை மேய்க்கிறவர்தான் மண்டாடி. மேய்ப்பது வாயால்தான். அப்பாவின் தூசணம் அந்தக் கரை முழுக்கப் பிரசித்தம். அவர் திட்டத் தொடங்கினால் கோயிலுக்குப் போகிற பெண்கள் முக்காட்டை இழுத்துக் காதை மூடிக்கொண்டு நடையைக் கூட்டுவார்கள். கையும் அப்படித்தான், வாயோடு கூடவே வரும்.

அண்ணனுக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவின் கரையில் கயிறு இழுக்கப் போய்க்கொண்டிருந்தான். டிசம்பர் நத்தார் கழிந்து ஒரு காலை, நித்திரையால் எழும்பப் பிந்தி, வலை பாதி வந்த பிறகு கரைக்குப் போனான். அப்பா எல்லோருக்கும் முன்னால் அவன் கன்னத்தைப் பொத்தி ஓர் அடி வைத்தார். அம்மா தந்துவிட்ட தேத்தண்ணிப் போத்தலோடு நான் அங்கே நின்றேன். ஈரப் பலகையைப் பலகையில் அடித்த மாதிரிச் சத்தம். அண்ணன் அப்படியே மணலில் இருந்துவிட்டான். அழவில்லை. எழும்ப வெகு நேரம் எடுத்தது. கயிறு பிடித்திருந்தவர்கள் எல்லோரும் கடலைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அம்மா பல நாள் அப்பாவோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அப்பா தபசு காலம் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். சுவாமியாரின் காலடியில் அவர் முழந்தாளில் இருந்த நேரத்துக்கு, பின்னால் நின்ற கிழவர்கள் கால் மாற்றி மாற்றி நின்று களைத்துப்போனார்கள். அங்கே எந்தப் பாவத்தைச் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு இன்றும் தெரியாது.

தபசு காலம் தொடங்கும் விபூதிப் புதன் அன்று எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. நெற்றிச் சாம்பலைத் துடைக்காமல் வீட்டில் செபமாலை சொல்லி முடித்து, ஒவ்வொருவரும் தபசு காலத்தில் எதை விடுகிறோம் என்று சுரூபத்துக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒறுத்தல் என்போமே, அதுதான். மனதுக்குள் சொன்னால் பிசாசு மறக்கப்பண்ணிவிடுமாம். அம்மா தேத்தண்ணிக்குச் சீனி விட்டாள். அண்ணன் படம் பார்ப்பதை விட்டான். நான் தோடம்பழ இனிப்பை விட்டேன். அப்பா ஒவ்வொரு வருடமும் சாராயத்தை விடுவார். சொன்ன சொல் தவறமாட்டார், உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒரு துளி தொடமாட்டார். ஆனால் உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலைத் தாண்டியதும் தொடங்குவார். நாற்பது நாளும் குடிக்காமல் விட்டதையெல்லாம் அன்றைக்கே குடித்து முடிப்பார். அதனால், விடுவது என்றால் பிறகுக்கு வைப்பது என்றுதான் நான் விளங்கி வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் வேறு மாதிரி விளங்க வழி இல்லை.

அந்த வருடம் அப்பா சாராயத்தை விட்டதோடு நிற்காமல், சுரூபத்தைப் பார்க்காமல் பாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“உயிர்த்த ஞாயிறு மணி அடிக்கும் மட்டும் என்ட கை ஒருத்தரிலயும் படாது. வாயில தூசணம் வராது.”

அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். அண்ணனும் பார்த்தான். நான் மட்டும் உயிர்த்த ஞாயிறை நினைத்துப் பார்த்தேன். மணி அடித்த பிறகு என்ன நடக்கும்?

மறுநாளே கரையில் வேடிக்கை தொடங்கியது. தூசணம் இல்லாமல் எப்படி வேலை வாங்குவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. வாயைத் திறப்பார், ஒரு சொல் வெளியே வர எத்தனிக்கும், மூடுவார். தோளில் கிடந்த துவாயை எடுத்து இந்தப் பக்கம் வீசுவார், அந்தப் பக்கம் வீசுவார். ஆட்களுக்குச் சிரிப்பு. வேண்டுமென்றே கயிற்றைத் தளர விட்டார்கள்.

“மண்டாடியாருக்கு நாக்கில கொப்புளம் போல” என்றார் ஒருவர்.

“சிரிக்காம இழுங்கடா. எல்லாத்தையும் சேத்து வைக்கிறார். உயிர்த்த ஞாயிறு ஆளுக்காள் கிடைக்கும்” என்றார் இன்னொருவர்.

பகிடிக்குச் சொன்னார். எனக்கு அது பகிடியாகப் படவில்லை.

கோபம் வரும்போது அப்பா ஒரு காரியம் செய்யத் தொடங்கினார். கழுத்தில் மாதாவின் உத்தரியம் போட்டிருப்பார், நாங்கள் எல்லோரும் போட்டிருந்தோமே, நூலில் கோர்த்த, படம் தைத்த கபில நிறத் துணித்துண்டு. அதைச் சட்டைக்குள்ளிருந்து இழுத்தெடுத்துப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொள்வார். தாடை எலும்பு இரண்டும் புடைத்து நிற்கும். கழுத்து நரம்பு கயிறு மாதிரித் தெரியும். மூக்கால் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் துணியை எடுத்து, எச்சிலை இடுப்புச் சாரத்தில் துடைத்து, திரும்ப உள்ளே போடுவார். ஒரு பக்கத்துப் படம் அழிந்தே போய்விட்டது. அம்மா இரண்டு தடவை அதைத் தைத்துக் கொடுத்தாள்.

சத்தம் போடுகிற அப்பாவை எனக்குப் பழக்கம். அவர் எந்தச் சொல்லில் எழும்புவார், எந்தச் சொல்லில் அடிப்பார் என்று தெரியும். அதற்குள் ஓடிவிடலாம். துணியைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருக்கிற இந்த மனிதரிடமிருந்து எப்போது ஓடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் அவருடைய தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிட்டேன். கொதிக்கக் கொதிக்க அவர் காலில் கொட்டியது. அப்பா என்னைப் பார்த்தார். உத்தரியம் வாய்க்குள் போனது. எழும்பி வெளியே போனார். ஓலைக் கிடுகு வேலியின் ஓட்டையால் எட்டிப் பார்த்தேன். தென்னைமரத்தில் நெற்றியை முட்டுக் கொடுத்தபடி நின்றார். கை இரண்டும் மரத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. எனக்கான அடியை அந்த மரத்துக்குள் பத்திரப்படுத்தி வைக்கிறார் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், எனக்கு எட்டு வயது.

புதுநன்மைக்குப் படிப்பித்த சிஸ்டரை உங்களுக்கு நினைவிருக்கும், இருமிக்கொண்டே இருப்பார். அவரிடம் கேட்டுவிட்டால் மனம் ஆறும் என்று நினைத்து, மற்றப் பிள்ளைகள் போன பிறகு போய் நின்றேன்.

“சிஸ்டர், ஒறுத்தல் செய்து விட்டதெல்லாம் எங்க போகும்?”

அவருக்குச் சந்தோசம். என் கன்னத்தைத் தடவினார்.

“ஆண்டவர் எல்லாத்தையும் சேத்து வைப்பார் மகள். ஒண்டும் வீண் போகாது.”

பாவம் சிஸ்டர், அதைவிட ஆறுதலான ஒரு சொல் அவரிடம் இருந்திருக்காது. நான் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனேன். இப்போது ஆண்டவரும் அதில் கூட்டு.

அம்மாவைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் அம்மாவும் தன் பங்குக்கு என் பயத்தைக் கூட்டினாள். அண்ணன் அந்தக் காலத்தில் யார் சொல்லும் கேட்காத பிள்ளையாக இருந்தான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாமல் போவான். ஒருவருடைய சைக்கிளைக் கேட்காமல் எடுத்துப் போய் ரிம்மை வளைத்துக்கொண்டு வந்தான். முன்பென்றால் அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் மறைத்துவிடுவாள். அந்தத் தபசு காலத்தில் அவளுக்குத் துணிச்சல் வந்திருந்தது. அப்பா காதுபடவே சொல்வாள்.

“தபசு முடியட்டும். உனக்கு அப்பாட கையாலதான் பாடம்.”

அவள் ஒருவேளை அப்பாவின் விரதத்தை மெச்சித்தான் அப்படிச் சொன்னாளோ, அல்லது அவரால் முடியுமா என்று சோதித்தாளோ, தெரியாது. அப்பாவின் கை கழுத்துக்குப் போகும். துணி வாய்க்குள் போகும். நான் அண்ணனைப் பார்ப்பேன். அவன் சும்மா சிரித்துக்கொண்டு சாப்பிடுவான்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பரிசுத்த வாரத்துப் புதன்கிழமை பின்னேரம் வாடி பற்றி எரிந்தது.

கஜு, அதுதான் முந்திரி, காய்க்கிற காலம். பச்சைக் கஜுக்கொட்டையைத் தகரத்தில் போட்டுச் சுட்டால் தோலிலிருந்து எண்ணெய் கசிந்து குப்பென்று பற்றும், தெறிக்கும். அண்ணனும் இன்னும் இரண்டு பெடியன்களும் வாடிக்குப் பக்கத்தில், காற்று வராத இடம் என்று பார்த்து, கஜு சுட்டார்கள். வாடி என்பது வலையும் கயிறும் வைக்கிற கிடுகுக் கொட்டில். ஒரு கொட்டை தெறித்துக் கிடுகில் விழுந்தது. பெடியன்கள் மண்ணை அள்ளிக் கொட்டுவதற்குள் கூரை போய்விட்டது. கயிற்றை இழுத்தெடுத்துவிட்டார்கள். வலையின் மடியை எடுக்க முடியவில்லை. கரைவலையில் மடிதான் உயிர், மீன் எல்லாம் கடைசியில் வந்து சேர்கிற பை அதுதான். உருகி, கறுத்து, கோழிக்குஞ்சு அளவுக் கட்டிகளாகக் கிடந்தது. அந்த நாற்றம் கஜு எண்ணெயோடு சேர்ந்து ஊர் முழுக்க அடித்தது. இன்றும் யாராவது பிளாஸ்டிக் குப்பை கொளுத்தினால் எனக்கு அந்தப் பின்னேரம் வந்துவிடும்.

அப்பா வந்து பார்த்தார். குனிந்து ஒரு கட்டியை எடுத்தார், சூடு ஆறியிருக்காது, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் கையெல்லாம் கரியோடு ஐந்தாறு அடி தள்ளி நின்றான். ஊர் முழுக்க வட்டமாக நின்றது. அப்பாவின் மற்றக் கை கழுத்துக்குப் போனது. துணியை வாயில் வைத்தார். அப்படியே திரும்பி, சிலுவைப் பாதைக்கு நேரமாகிவிட்டது என்கிற மாதிரி, கோயில் பக்கம் நடந்துபோனார்.

“பெடியன்ட கதை முடிஞ்சுது” என்றார் அந்த ரிம் வளைந்த சைக்கிள்காரர். அதில் கொஞ்சம் சந்தோசமும் இருந்தது.

மறுநாள் வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி கற்பிட்டியிலிருந்து வந்தார். வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு குடை. எரிந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நின்றார்.

“ஆளுக்கு ஒண்டும் ஆகல்லயே மண்டாடி, அல்லாட காவல்” என்றார் சம்மாட்டி. பிறகு அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இப்ப ஒண்டும் பேச வாணாம். ஒங்கட பெருநாள் முடியட்டும், பேசுவம்.”

நோன்பு பிடிக்கிற மனிதர். விரதத்தில் இருக்கிறவரிடம் எதைப் பேசக்கூடாது என்று அந்தக் கரையில் அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு எனக்குக் கேட்டது ஒன்றுதான். இவரும் உயிர்த்த ஞாயிறுக்குத்தான் வைக்கிறார்.

பெரிய வியாழன் பூசையில் ‘உன்னதங்களிலே’ முடிந்தால் உயிர்த்த ஞாயிறு வரை மணி கிடையாது, உங்களுக்குத் தெரியும். மணிக்குப் பதிலாகப் பலகையில் மரச்சுத்தியலால் தட்டுவார்கள். அந்த டக் டக் சத்தம் மற்றப் பிள்ளைகளுக்குத் துக்கம். எனக்கு அது கேட்கக் கேட்க நிம்மதி, மணி இன்னும் அடிக்கவில்லை என்று அர்த்தம். பெரிய வெள்ளி அன்று சிலுவைக்கு முத்தம் கொடுக்கக் குனிந்தபோது ஆண்டவரிடம் ஒரு மன்றாட்டு வைத்தேன். ஆண்டவரே, இந்த வருடம் மட்டும் நீர் உயிர்க்க வேண்டாம். கல்லறையிலேயே இரும். சொல்லிவிட்டுப் பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. புதுநன்மை வாங்குமுன்னே நரகத்துக்குப் போகப்போகிறேன் என்று இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது.

மடி இல்லாமல் அப்பாவுக்குக் கரையில் வேலை இல்லை. சோறு வைத்தால் சாப்பிட்டார். எரிந்த கட்டியைப் பிடித்த உள்ளங்கையில் ஒரு கொப்புளம் இருந்தது, அதை ஊதி ஊதிப் பார்ப்பார். அண்ணனைப் பார்ப்பதே இல்லை. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயமாக இருந்தது. அண்ணனும் இப்போது சிரிப்பதை விட்டுவிட்டான். அவனுடைய முகம் சிறுத்துப் போயிருந்தது.

சனிக்கிழமை அம்மா அவனுடைய இரண்டு சட்டையையும் ஒரு சாரத்தையும் மடித்து உரப்பையில் வைத்ததை நான் கண்டேன்.

“விடியப் பூசையில மணி அடிக்க முதல் போயிரு” என்று அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பிச் சொன்னாள். “முந்தல் ஊரில மாமாட்ட நில்லு. அப்பா ஆறின பிறகு ஆள் அனுப்புறன்.” என் பக்கம் திரும்பினாள். “நீ ஒண்டும் காணல்ல.”

எங்கள் கோயில் கிளைக்கோயில். சுவாமியார் இரவுப் பூசையைப் பெரிய கோயிலில் முடித்துவிட்டு விடியத்தான் எங்களிடம் வருவார். அண்ணன் எங்களோடு கோயில் வாசல்வரை வந்தான். திரும்பிப் பார்த்தபோது அவன் இல்லை.

அந்தப் பூசையில் நான் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். மெழுகுதிரியைச் சரித்துப் பிடித்ததில் மெழுகு விரலில் வடிந்தது. சுவாமியார் ‘உன்னதங்களிலே’ என்று எடுத்ததும் மணி அடித்தது. வெளியே யாரோ வெடி கொளுத்தினார்கள். பெண்கள் அழுதார்கள், சிரித்தார்கள். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். என் புதுச் சட்டை நனைந்தது. காலோடு சூடாக வடிந்து போவது தெரிந்தும் அசைய முடியவில்லை.

அப்பா உத்தரியத்தைச் சட்டைக்குள் போட்டார். ஒரு நீண்ட மூச்சு விட்டார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் போய், எல்லோரும் பாடிக்கொண்டிருக்கும்போதே அம்மாவுக்கு முன்னால் நின்றார்.

“பெடியன் எங்க?”

மெதுவாகத்தான் கேட்டார். கோயிலுக்குள், அதுவும் அந்த நேரத்தில், அம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“முந்தலுக்குப் போக பாலாவிச் சந்திக்கு பஸ் ஏறியிருப்பான்.”

அப்பா பூசையை விட்டு வெளியே நடந்தார். உயிர்த்த ஞாயிறு பூசையை நடுவில் விட்டுப் போன ஒருவரை எங்கள் ஊர் அதற்கு முன் கண்டதில்லை. பாட்டு ஒரு கணம் தளர்ந்தது. அம்மா ஓடி வந்து என் தோளைப் பிடித்தாள். அவள் விரல் நகம் பட்டது இப்போதும் தெரிகிற மாதிரி இருக்கிறது.

“நீயும் ஓடு. அப்பாட கையப் புடிச்சிக்கொண்டே இரு. வலக்கைய. என்ன நடந்தாலும் விடாத.”

ஓர் எட்டு வயதுப் பிள்ளையிடம் ஒப்படைக்கிற காரியமா அது? பயந்துபோன மனிதருக்கு எது கையில் கிடைக்கிறதோ அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அம்மாவின் கையில் நான்தான் கிடைத்தேன்.

பஸ்ஸில் நான் அப்பாவின் வலக்கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவர் கேட்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. கயிற்றுத் தழும்பும் அந்தக் கொப்புளமும் என் விரலில் பட்டன. கை கனத்துக் கிடந்தது. எனக்குச் சட்டை ஈரம், மூத்திர வாடை, வெட்கம். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்லித் திட்டுவது என்று கோர்க்கிறார் என நினைத்தேன். உப்பளங்கள் தெரியத் தொடங்கியதும் நான் கையை இன்னும் இறுக்கினேன்.

பாலாவிச் சந்தியில் சனம் இல்லை, லொறிகள் மட்டும் இரைந்துகொண்டு போயின. முந்தல் பக்கம் போகிற பஸ் நிற்கிற இடத்தில், பூட்டிய கடை ஒன்றுக்கு முன்னால், அண்ணன் உரப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றான். எங்களுக்கு முதுகு. அப்பா அவனுடைய இடது பக்கமாகப் போய், எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நின்றார்.

“மகன்” என்றார்.

அப்பா அவனை ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அண்ணன் திரும்பவில்லை.

“மகன், வீட்ட போவம். நான் அடிக்கமாட்டன்.”

மெதுவாகப் பேசிப் பழகாத மனிதர். பஸ்ஸில் வாயசைத்துக்கொண்டு வந்தது இதைத்தான் என்று அப்போது எனக்கு விளங்கியது. அண்ணன் அசையவே இல்லை. றோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்பாவின் கழுத்து நரம்பு எழும்புவதைப் பார்த்தேன். இவன் ஏன் இப்படித் திமிர் பிடிக்கிறான், திரும்பேன், ஒரு தடவை திரும்பேன் என்று எனக்குள் கத்தினேன்.

அப்பா இன்னொரு தடவை அதே சொற்களை அதே மெல்லிய குரலில் சொன்னார். அப்போதுதான் அண்ணன் பஸ் வருகிறதா என்று திரும்பினான். என்னைக் கண்டான். பிறகு அப்பாவைக் கண்டான். பின்னால் போகப் பார்த்து, பூட்டிய கதவில் முதுகு முட்டி நின்றான்.

“எத்தின தரம் கூப்பிட்டன்” என்றார் அப்பா.

“கேக்கல்ல அப்பா.” இடது காதைத் தொட்டுக் காட்டினான். “இந்தப் பக்கம் கேக்காது. அண்டைக்குக் கரையில அடிச்சதுக்குப் பிறகு கேக்கிறல்ல.”

அப்பா விளங்காதவர் மாதிரி நின்றார்.

“ஏன் சொல்லல்ல?”

“சொன்னா கோவிப்பீங்க எண்டு.”

பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, யார் சொல்லும் கேட்காத பிள்ளை என்று ஊரும் அம்மாவும் நானும் சொன்னதெல்லாம் எனக்கு அந்த இடத்தில் ஒன்றாக விளங்கவில்லை. அது பிறகு, வருடக்கணக்கில், ஒவ்வொன்றாக விளங்கியது. அந்த நேரத்தில் நான் கண்டது இதைத்தான். அப்பாவின் வலக்கை என் பிடியிலிருந்து கழன்றது. மேலே எழும்பியது. அண்ணனின் முகத்தை நோக்கிப் போனது.

அண்ணன் இரண்டு முழங்கையாலும் தலையை மூடிக்கொண்டு கதவோடு சுருண்டான். நான் கத்திக்கொண்டு நடுவில் விழுந்து, என் தலையையும் பொத்திக்கொண்டேன்.

அடி விழவில்லை. விரலிடுக்கால் பார்த்தேன். கை ஆகாயத்தில் நின்றது. விரல்கள் விரிந்து, வளைந்து, காதைத் தொடப் போகிற மாதிரித்தான் இருந்தன. அப்பா எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு தன்னுடைய கையைப் பார்த்தார். அதை மெல்ல இறக்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சுற்றி அண்ணனின் வலப்பக்கம் வந்து நின்றார்.

“வாங்க, ஊருக்குப் போற பஸ் வருது” என்று கடைசியில் சொன்னார். எங்களுக்கு முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

சம்மாட்டி பழைய வலை ஒன்றின் மடியைத் தந்தார். அதைத் தைத்துச் சேர்த்துக் கரைவலை திரும்ப ஓடியது. அப்பா அந்த உயிர்த்த ஞாயிறு குடிக்கவில்லை, அதற்குப் பிறகும் குடிக்கவில்லை. கையை ஒருவர் மீதும் ஓங்கவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்தக் கையைப் பின்னால் பிடித்துக்கொண்டே நிற்பார். என் கலியாணத்தில் என்னைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக மாட்டேன் என்றுவிட்டார். மாமாதான் கூட்டிப்போனார். சனம் அவருக்குப் பெருமை கூடிவிட்டது என்று சொன்னது. அண்ணன் இத்தாலிக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டான். இப்போதும் போனில் முகம் காட்டிக் கதைக்கும்போது வலப்பக்கத்தைத்தான் காட்டுவான்.

சுவாமியாரின் பிரசங்கத்தில் பிழை இல்லை. அப்பா செய்ததைச் செய்ய எத்தனை பேரால் முடியும்? ஆண்டவர் அதைக் கண்டிருப்பார். ஆனால் அவர் கோபத்தை விட்ட மாதிரி எங்களால் பயத்தை விட முடியவில்லை. எங்களுக்கு அதை எப்படி விடுவது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை.

கடைசி நோய் வருத்தத்தில் அப்பா என் வீட்டில்தான் கிடந்தார். பேச்சு நின்றுபோயிருந்தது. ஒரு பின்னேரம் அவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு கஞ்சி ஆற்றினேன். அவர் என்னைப் பார்த்தார். போர்வைக்குள்ளிருந்து அந்த வலக்கை வெளியே வந்தது. எழும்பி என் தலைப்பக்கம் வந்தது. ஆசீர்வாதம் கொடுக்கத்தான், வேறு எதற்கு? அது எனக்குத் தெரியும். ஐம்பது வயது கடந்தவள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவள். இருந்தும் என் தலை தானாகப் பின்னால் போனது, கை முகத்துக்கு வந்தது.

அப்பா அதைக் கண்டார். கையை இறக்கி, கஷ்டப்பட்டு உடம்பைச் சரித்து, முதுகுக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் கஞ்சியை ஊட்டி முடித்தேன்.